பந்தியும் பரியும்

தமிழ்நாட்டு வரலாற்றை எழுதியோர் குதிரையைப் பெரும்பாலும் போர்க்களத்திலும் துறைமுகத்திலுமே கண்டனர். படையின் தொகை, கலங்களில் வந்திறங்கிய குதிரைகளின் எண்ணிக்கை, அவற்றுக்காகக் கொடுக்கப்பெற்ற பொன்னின் அளவு ஆகியவை பற்றிய செய்திகள் நூல்களில் நிறைந்துள்ளன. ஆயினும் ஒரு போர்க்குதிரை தன் வாழ்நாளில் களத்தில் நின்ற நாள்கள் மிகச் சிலவே. எஞ்சிய நாள்களையெல்லாம் அது கழித்த இடம் பந்தி. அங்கே தரை உலர்ந்திருந்ததா, காற்று உலவியதா, இலத்தி நாள்தோறும் அகற்றப்பட்டதா என்னும் எளிய வினாக்களே அக்குதிரை களம் காணுமா காணாதா என்பதைப் பெரிதும் முடிவு செய்தன. அரசர்களின் கருவூலங்கள் வெறுமையானதற்கும் படைகள் தளர்ந்ததற்கும் உரிய காரணங்களுள் ஒன்று இவ்வினாக்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

குதிரை கட்டும் இடத்தைக் குறிக்கப் பந்தி, கொட்டில், இலாயம், மந்துரை எனப் பல சொற்கள் தமிழில் வழங்கி வந்துள்ளன. குதிரைப் பாகனுக்கு வாதுவன் என்னும் பழஞ்சொல் உண்டு. சொற்கள் இருந்தன, தொழிலும் இருந்தது. அத்தொழிலைச் செய்தோரைப் பற்றிய குறிப்புகளோ அரிதாகவே கிடைக்கின்றன.

கடல்வழி வந்த செல்வம்

குதிரை தமிழ் மண்ணில் இயல்பாகப் பெருகிய விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் கூறும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையே அந்நகரத்துப் பண்டங்களுள் முதலாவதாக வைக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் பேசப்படுகின்றனர். பிற்காலப் பாண்டியர் காலத்தில் இவ்வாணிகம் உச்சநிலை எய்தியது. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைக் கலங்கள் வந்து நின்றன.

இவ்வாணிகத்தைப் பற்றி இருவர் எழுதிய செய்திகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் இருந்து வரலாறு எழுதிய வசாப். பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், அவனுடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆண்டின் முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இக்கரைக்கு வந்தன என்பதும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் வீதம் 22 இலட்சம் தினார் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதும் வசாப் தரும் கணக்கு. கடலில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு என்பது உடன்படிக்கை.

இவ்வெண்களில் மிகை இருத்தல் கூடும். பயணியரும் வணிகரும் சொன்ன தொகைகளை அப்படியே கொள்ளுதல் வரலாற்று நெறியாகாது. எனினும் வேறு நாட்டவர், வேறு மொழியினர், ஒருவர் எழுத்தை மற்றவர் நோக்காதவர் ஆகிய இருவரும் ஒரே செய்தியில் ஒன்றுபடுகின்றனர். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் இந்நாட்டில் நெடுநாள் வாழவில்லை என்பதே அச்செய்தி. இரு குறிப்புகளையும் சேர்த்து நோக்கினால், இரண்டாயிரம் குதிரைகளுக்கு ஆண்டுதோறும் 4,40,000 தினார் வெளிச்சென்றது. அடுத்த ஆண்டு அதே தொகை மீண்டும் தேவைப்பட்டது. பந்தியில் ஏற்பட்ட குறை கருவூலத்தில் ஏற்பட்ட ஓட்டையாக மாறிய வரலாறு இது.

இறப்புக்குக் காரணம் யாது? இந்நாட்டினர் குதிரையைப் பேணும் முறை அறியார் என்பது மார்க்கோ போலோவின் கருத்து. அதனோடு அவர் சேர்த்துக் கூறும் மற்றொரு செய்தி மேலும் கூர்மையானது. லாடம் கட்டுதலும் குதிரை மருத்துவமும் ஒருங்கே அறிந்தோர் எவரும் இந்நாட்டிற்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்தனர் என்கிறார் அவர். குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தால் விற்பனை குறையும் அன்றோ? குதிரையை விற்றவர்கள் அதைக் காக்கும் அறிவை விற்க மறுத்தனர். வாங்கியவர்களும் அதைக் கேட்டுப் பெறவில்லை.

வசாப் கூறும் குறிப்பு பந்தியின் உள்ளேயே கொண்டு செல்கிறது. வந்திறங்கிய குதிரைகளை முளையடித்துக் கயிற்றால் பிணித்து நாற்பது நாள் பந்தியிலேயே நிறுத்திக் கொழுக்க வைத்தனர். வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் ஊட்டினர். பின்னர் எவ்விதப் பயிற்சியும் இன்றி அவற்றின்மேல் ஏறி விரட்டினர். இதனால் வலிமை மிக்க குதிரைகளும் விரைவில் தளர்ந்து பயனற்றுப் போயின என்பது அவர் கூற்று. அன்பின்மையால் நேர்ந்த கேடாக இதைக் கொள்ள இயலாது. வெண்ணெயும் பாலும் ஊட்டியவர்கள் குதிரையை அருமையாகவே கருதினர். அந்த அருமை பாராட்டலே அதற்கு எமனாயிற்று.

நூலில் இருந்த அறிவு

குதிரை பேணும் கலை இந்தியாவில் அறியப்படாத ஒன்றன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைத் தலைவனின் கடமைகள் ஒரு தனி இயலாகவே வகுக்கப்பட்டுள்ளன. பந்தியின் நீளம் குதிரைகளின் தொகைக்கேற்பவும், அகலம் குதிரையின் நீளத்தைப்போல் இருமடங்காகவும் அமைய வேண்டும். நான்கு வாயில்கள் வேண்டும். நடுவே குதிரைகள் புரள்வதற்கு இடம் வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீள அளவிற் சதுரமான தனியிடம், வழவழப்பான பலகை பாவிய தரை, தீனித் தொட்டி, சிறுநீரும் இலத்தியும் வெளியேறுவதற்குரிய வழி ஆகியவை இருத்தல் வேண்டும். ஆண்குதிரை, பெண்குதிரை, குட்டி ஆகியவற்றைத் தனித்தனியே கட்ட வேண்டும். மருந்தின் குறையாலோ கவனக்குறைவாலோ நோய் முற்றினால் மருத்துவச் செலவின் இருமடங்கும், விலங்கு இறந்தால் அதன் விலையும் தண்டமாக விதிக்கப்பட்டன.

பந்தியில் குரங்கு, மயில், கீரி, கிளி, நாகணவாய் போன்றவற்றை வளர்க்குமாறு அந்நூல் கூறுவது இன்று வியப்பைத் தரலாம். கீரியும் மயிலும் உள்ள இடத்தில் பாம்பு தங்குவதில்லை. பறவைகள் அயலார் வரவைக் கூவி உணர்த்தும். நம்பிக்கையும் காவலும் அங்கே பிரிக்க இயலாதபடி கலந்து நின்றன.

குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துத் தருகின்றனர் என்று மார்க்கோ போலோ வியந்து எழுதினார். அர்த்தசாத்திரம் வகுத்த குதிரைத் தீனியிலேயே பாதி வெந்த தானியம், இறைச்சி, தயிர், பால், மது ஆகியன இடம் பெற்றுள்ளன. ஆகவே பாண்டிய நாட்டார் செய்தது அறியாமையால் விளைந்த புதுமையாகாது. நெடுங்கால வழக்கத்தின் எச்சமே ஆகும். நூலின் தீனிப் பகுதி வழக்கில் நிலைத்தது. தரையையும் வடிகாலையும் பற்றிய பகுதி அதே அளவிற்கு நிலைத்ததாகத் தெரியவில்லை. உணவூட்டுதல் பெருமைக்குரிய செயல். கழிவகற்றுதல் அவ்வாறு கருதப்படாத செயல். இவ்வேறுபாடு பின்வரும் நூற்றாண்டுகளிலும் தொடர்வதைக் காணலாம்.

வடமொழியில் சாலிகோத்திரர் பெயராலும் நகுலர் பெயராலும் குதிரை நூல்கள் வழங்கின. நகுலர் பெயரிலான அசுவசாத்திரத்தை வண்ணப் படங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் வெளியிட்டது. சுவடியில் அறிவு இருந்தது. துடைப்பம் ஏந்தியவர் அச்சுவடியை ஓதும் நிலையில் இல்லை. சுவடியை ஓதியவர் துடைப்பத்தைத் தொடும் நிலையில் இல்லை. இரண்டுக்கும் இடையே நின்ற குதிரையே இழப்பை ஏற்றது.

கிரேக்கர் கண்ட தரை

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்சு நகரத்துச் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறுநூல் இன்றும் கிடைக்கிறது. படைத்தலைவராகவும் இருந்தவர் ஆதலின் அவர் எழுத்தில் பட்டறிவு மிகுதி. வீட்டுத் தலைவனின் கண் அடிக்கடி படும் இடத்திலேயே பந்தி அமைய வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. தீனி திருடப்படாமல் காக்கவும், குதிரை தீனியைச் சிதறினால் நோயின் அறிகுறியை உடனே உணரவும் அது உதவும்.

ஈரமும் வழுக்கலும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும் என்று அவர் எச்சரித்தார். ஈரம் வடிவதற்குத் தரை சரிவாக இருக்க வேண்டும்; வழுக்காமல் இருக்கக் குளம்பளவு கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். வெளி முற்றத்தில் கைப்பிடியளவுள்ள உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி கொட்டிப் பரப்பி, அதன்மேல் குதிரையை நிறுத்தித் தேய்த்துவிட வேண்டும். இலத்தியையும் பழைய வைக்கோலையும் நாள்தோறும் ஓரிடத்தில் ஒதுக்க வேண்டும். அர்த்தசாத்திரம் பலகைத் தரையைக் கூறச் செனபோன் கல் தரையைக் கூறினார். பொருள் வேறாயினும், நீர் தேங்கலாகாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

நாற்பது நாளில் நேர்வது

ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு இலத்தியும் சிறுநீருமாக ஏறத்தாழ 23 கிலோ கழிவை வெளியேற்றுகிறது. இரண்டாயிரம் குதிரைகள் கட்டப்பட்ட பந்திகளில் ஒரே நாளில் 46 டன் கழிவு சேரும். நாற்பது நாள் பிணித்து நிறுத்துதல் என்பதன் பொருளை இக்கணக்கு விளக்கும்.

சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. தரையை ஒட்டிய காற்றில் அம்மோனியா மிகுதியாக இருக்கும். நின்றிருக்கும் மனிதன் மூக்கிற்குப் புலப்படாத நெடியைத் தலை தாழ்த்தித் தீனி தின்னும் குதிரை நாள்முழுதும் உட்கொள்கிறது. தரையில் படுக்கும் குட்டி இன்னும் மிகுதியாக உட்கொள்கிறது. மூச்சுக் குழாயின் மென்படலம் இதனால் புண்பட்டு, புழுதிக்கும் நோய்க்கிருமிக்கும் எளிதில் வழிவிடுகிறது. குளம்பின் அடியில் நடுவேயுள்ள மென்பகுதி ஈரத்தில் ஊறி அழுகத் தொடங்குகிறது. கரிய கசிவும் கடுநாற்றமும் இதன் அடையாளங்கள். நாள்தோறும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிப் பார்க்கும் ஒருவர் இருந்தால் இதை முதல் வாரத்திலேயே தடுத்துவிடலாம்.

வெப்ப நாட்டில் ஈயின் முட்டை ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாளில் முழு ஈயாகிறது. அதற்குள் இலத்தி அகற்றப்பட்டால் சுழற்சி அறுந்துவிடும். அகற்றப்படாவிட்டால் பந்தியே ஈக்களின் பிறப்பிடமாகும். குதிரையின் குடற்புழு முட்டைகளும் ஈரமான இலத்தியில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் நிலையை அடைகின்றன. நடமாட்டமில்லாத குதிரைக்குத் தானியத்தை மிகுதியாக ஊட்டினால் குளம்பின் உட்புறத் தகடுகள் அழற்சியுற்று, நிற்கவும் முடியாத வேதனை உண்டாகும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் கெட்ட தீனியால் வரும் வயிற்றுவலி பல வேளைகளில் அதன் உயிரையே கவர்ந்துவிடும். வசாப் குறிப்பிட்ட கொழுத்த தீனி, கட்டிய கயிறு, திடீர் ஓட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்த இடத்தில் குதிரை தளர்ந்தது வியப்பாகாது. தட்பவெப்பமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எனினும் மனிதன் மாற்றியிருக்கக்கூடிய காரணங்களே மிகுதி.

கதைகளில் எஞ்சிய அச்சம்

வரலாறு குறிக்காமல் விட்ட பந்தியைக் கதைகள் மறக்கவில்லை. திருவிளையாடற் புராணத்தில் திருவாதவூரர் குதிரை வாங்கச் சென்ற கதை தமிழர் அனைவரும் அறிந்தது. அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பொருளைப் பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார் அமைச்சர். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. நள்ளிரவில் மீண்டும் நரிகளாகி, பந்தியில் முன்பே கட்டியிருந்த குதிரைகளைக் கடித்துக் குதறி ஓடின. இறைவனின் அருள்விளையாட்டாகப் போற்றப்படும் இக்கதையின் அடியில் அக்காலத்து மன்னரின் மெய்யான அச்சம் ஒன்றும் உறைந்துள்ளது. மாலையில் பெரும்பொருள் கொடுத்துக் கட்டிய குதிரை விடியும்போது இராது. புதியதாக வந்தது பழையதையும் அழிக்கும். புதுக் குதிரை கொண்டுவரும் தொற்று நோய் பந்தி முழுவதையும் பாழாக்குவதை அறிந்தோர்க்கு இக்கதையின் அமைப்பு வேறொரு பொருளும் தரும்.

பஞ்சதந்திரக் கதை ஒன்று பந்தியின் மற்றொரு பகையான தீயைக் காட்டுகிறது. அரண்மனைச் சமையற்கட்டில் ஆட்டுக்கடா ஒன்று புகுந்து தின்பது வழக்கம். சமையற்காரன் ஒருநாள் கொள்ளிக்கட்டையால் அதை அடிக்க, அதன் மயிர் தீப்பற்றியது. அது அருகிருந்த குதிரைப் பந்தியில் புகுந்து வைக்கோலில் புரளவே, பந்தி எரிந்து குதிரைகள் வெந்தன. புண்ணுக்கு மருந்தாகக் குரங்கின் கொழுப்பு வேண்டும் என்று மருத்துவர் கூற, அரண்மனைக் குரங்குகள் கொல்லப்பட்டன. இவ்விளைவை முன்னரே உணர்ந்து எச்சரித்த முதிய குரங்கின் சொல்லை எவரும் கேட்கவில்லை. அடுப்பையும் வைக்கோலையும் அருகருகே வைக்கலாகாது என்னும் பாடம் இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டட விதியிலும் சொல்லப்படவில்லை. கட்டப்பட்ட குதிரை தீயிலிருந்து தானே தப்ப இயலாது. அதை அவிழ்த்துவிட ஒரு கை வேண்டும்.

பேரரசுகளின் இலாயங்கள்

விசயநகரப் பேரரசு குதிரை வாணிகத்தைப் பாண்டியரிடமிருந்து மரபுரிமையாகப் பெற்றது போலவே தொடர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய போர்த்துக்கீசியர் நூனிசு, மன்னர் ஆண்டுதோறும் 13,000 குதிரைகள் வாங்கினார் என்றும், சிறந்தவற்றைத் தம் இலாயத்திற்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தலைவர்களுக்கு அளித்தார் என்றும் கூறுகிறார். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் இவ்வாணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்து, அதையே அரசியற் கருவியாக்கினர். கடல் தாண்டி வரும் குதிரையை நம்பிய அரசு, அக்கடலை ஆள்பவர்க்குக் கட்டுப்பட நேர்ந்தது. குதிரைகள் நெடுநாள் வாழ்ந்திருப்பின் அத்தளை சற்றேனும் தளர்ந்திருக்கும்.

வடக்கே அக்பரின் இலாயத்தில் நிலை வேறாக இருந்தது. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி, அங்கே 12,000 குதிரைகள் இருந்தன என்று கூறிப் பணியாளர்களை வரிசையாகக் குறிக்கிறது. மேலதிகாரி, கணக்கர், பயிற்றுநர், குதிரை மருத்துவர் ஆகியோரோடு அப்பட்டியல் நின்றுவிடவில்லை. இரண்டு குதிரைக்கு ஒருவர் வீதம் சாயிசு, லாடம் கட்டுபவர், சேணம் காப்பவர், நீர் சுமப்பவர், குதிரைகளுக்குத் தீங்கு அணுகாதிருக்க விதைகளைப் புகைப்பவர், இறுதியாகக் குப்பை கூட்டுபவர் எனப் பலரும் தனித்தனிப் பதவிப் பெயரோடு அதில் இடம் பெறுகின்றனர். கூட்டுபவரின் பெயர் அரசாங்கப் பட்டியலில் ஏறியது சிறிய செய்தியன்று. பொறுப்பு ஒருவர்மேல் வைக்கப்பட்டால்தான் பணி நடந்ததா என்று கேட்க முடியும்.

காற்றைக் கண்ட கல்லூரிகள்

உலகின் முதற் கால்நடை மருத்துவக் கல்லூரி 1762இல் பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ழெலா என்பவரால் தொடங்கப்பெற்றது. இலண்டன் கல்லூரி 1791இல் தோன்றியது. அதன் முதற் பேராசிரியர் செயின்பெல் 1793இல் இறந்தார். குதிரைகளிடமிருந்து தொற்றும் கிளாண்டர்ஸ் நோயே அவரைக் கொண்டது என்பர். அடுத்துப் பொறுப்பேற்ற எட்வர்டு கோல்மன் பின்னர்ப் பிரித்தானியக் குதிரைப்படையின் தலைமை மருத்துவராகவும் விளங்கினார். சாளரங்களை அடைத்து வெதுவெதுப்பாக வைத்திருந்தால் குதிரையின் மேனி மின்னும் என்பது அக்காலத்துப் பாகர்களின் நம்பிக்கை. கோல்மன் படைப் பந்திகளில் காற்றோட்டத்தை வற்புறுத்தினார். கிருமி என்னும் கருத்தே நிலைபெறாத காலத்தில், காற்று மாறும் இடத்தில் நோய் குறையும் என்பதை அவர் கண்டறிந்து செயற்படுத்தினார்.

லியோனில் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் மூர்கிராப்டு 1808இல் இந்தியா வந்து, பீகாரின் பூசாவில் இருந்த கம்பெனியின் குதிரைப் பண்ணையை ஏற்றார். பெரிய குதிரைகளை எங்கிருந்தேனும் கொணர்வதே வழி என்று எண்ணியிருந்த நிருவாகத்திற்கு, உள்ள குதிரைகளை நன்கு பேணும் வழியையும் அவர் காட்டினார். ஓட்சுப் பயிரைத் தீனிக்காக விளைவித்தார். எனினும் நல்லினக் குதிரையைத் தேடும் வேட்கை அவரையும் விடவில்லை. இமயம் கடந்து புகாரா வரை சென்ற அவர் 1825இல் ஆப்கன் நிலத்தில் மறைந்தார்.

கிளாண்டர்ஸ் கிருமியை 1882இல் லோப்லர், சுயூட்சு ஆகியோர் செருமனியில் கண்டனர். நோயுற்ற குதிரையின் மூக்கொழுகலால் பொதுத் தண்ணீர்த் தொட்டியும் தீனித் தொட்டியும் கறைபட்டு நோய் பரவியது தெளிவாயிற்று. மூன்றாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட நூல் ஒவ்வொரு குதிரைக்கும் தனித் தொட்டி வகுத்ததன் நன்மை இங்கே விளங்கும். இந்தியாவில் 1899இல் இந்நோய்க்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கால்நடைத் தொற்று நோய்கள் பற்றிய பொதுச் சட்டம் 2009இல் வரும்வரை அது நடைமுறையில் இருந்தது. 1880இல் பஞ்சாபில் பணியாற்றிய கிரிபித் எவன்சு, சர்ரா நோயால் மெலிந்து இறக்கும் குதிரைகளின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். கடிக்கும் ஈக்களே அதைப் பரப்புகின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. பந்தியில் ஈயை ஒழிப்பது மேனி மினுக்கும் வேலையன்று, உயிர் காக்கும் வேலை என்பதற்கு நுண்ணோக்கி சான்று பகர்ந்தது.

குதிரையிலிருந்து மனிதனுக்கு

பந்தியின் தூய்மை மனித உயிரையும் தொட்ட நிகழ்ச்சி 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் நேர்ந்தது. தொண்டையடைப்பான் நோய்க்குரிய எதிர்நச்சு மருந்து அக்காலத்தில் குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டது. ஜிம் என்னும் பெயருடைய குதிரை அதற்காக வளர்க்கப்பட்டு வந்தது. முன்பு பால்வண்டி இழுத்தது அது. அதற்கு இரணசன்னி கண்டது. அந்நோயின் விதைகள் குதிரையின் குடலிலும் இலத்தியிலும் பந்தி மண்ணிலும் இயல்பாகவே வாழ்பவை. நோய் வெளிப்படுமுன் எடுத்த குருதியிலிருந்து செய்த மருந்து சோதிக்கப்படாமல் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. பதின்மூன்று குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே உயிர்மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. பிழை ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது. ஆயினும் அதன் வித்து ஒரு குதிரை நின்ற இடத்தில் இருந்தது.

இத்தொடர்பு அறுந்துவிடவில்லை. பாம்புக்கடிக்கு உரிய நச்சுமுறி மருந்து இன்றும் குதிரையின் குருதியிலிருந்தே பெறப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்தளிக்கும் நஞ்சு, சிறுசிறு அளவாகக் குதிரைகளுக்கு ஏற்றப்படுகிறது. அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருள் வயற்காட்டில் கடிபட்ட உழவனின் உயிரைக் காக்கிறது. அக்குதிரைகள் நிற்கும் தரையைக் கழுவுபவரின் பெயரை உழவன் அறியான், மருத்துவனும் அறியான். எனினும் அவர் செய்யும் பணி அம்மருந்துக் குப்பியில் கலந்தே உள்ளது.

வாதுவரின் இடம்

அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் இன்றும் குதிரைகள் விலை பேசப்படுகின்றன. நிறம், சுழி, நடை, உயரம் ஆகியவை நுணுகி ஆராயப்படுகின்றன. செனபோனும் கௌடிலியரும் கேட்ட கேள்வி, அதாவது இக்குதிரை எங்கே நிற்கப் போகிறது என்பது, அவற்றோடு சேர்த்துக் கேட்கத்தக்கது. சரிவான தரை, உலர்ந்த வைக்கோல், கூரையடியில் காற்று வெளியேறும் வழி, தனித் தொட்டி, ஆணி நீட்டாத சுவர், தீயிலிருந்து விலகி நிற்கும் வைக்கோற்போர், நாள்தோறும் கூட்டும் கை ஆகிய இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. பாண்டியர் ஒரு குதிரைக்குக் கொடுத்த விலையில் ஒரு பந்தியையே செம்மை செய்திருக்கலாம்.

காயலில் இறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதுவோர் வாங்கிய மன்னரையும் விற்ற வணிகரையும் குறிக்கின்றனர். அக்குதிரைகள் வாழவும் இறக்கவும் காரணமான மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவருக்குக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை. அவர் கற்றிருந்ததைக் கேட்கவும் எவரும் முன்வரவில்லை. கருவூலம் வெறுமையானதற்கு அவரைக் குறை கூறுதல் எளிது. அவருக்குரிய அறிவையும் மதிப்பையும் அளிக்காத அரசின்மேல் அக்குறையை ஏற்றுவதே வரலாற்றுக்கு நேர்மையாகும்.